பெப்பே: முரட்டுத்தனமா, ஆட்ட அறிவா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

"போர்ச்சுகல் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் பெப்பேயை உயர்த்தியது முரட்டுத்தனமா, ஆட்ட அறிவா?" என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அடிதடிக் காட்சிகளாக அடுக்கினார். கெட்டாஃபே வீரர் காஸ்கேரோவை உதைத்தது, மெஸ்ஸியின் கையை மிதித்தது, ஜெர்மனியின் முல்லரைத் தலையால் முட்டியது. "அந்தப் பயம்தான் பெப்பேயின் ஆயுதம்" என்று முடித்தார். காட்சிகள் எல்லாம் உண்மை, ஒன்றையும் மறுக்கமாட்டேன். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் பிறகு ஸ்கோர் என்ன ஆனது என்பதை மட்டும் ஐயா சொல்லாமல் தாண்டிவிட்டார். அதை நான் சொல்கிறேன்.

2009 ஏப்ரல் 21, ரியல் மாட்ரிட் – கெட்டாஃபே. ஸ்கோர் 2–2. ஆட்டம் முடியும் நேரத்தில் பெனால்ட்டி கொடுத்து, விழுந்து கிடந்தவரை உதைத்து, ரெட் கார்டு வாங்கினார். "அன்று ரியல் 3–2 ஜெயித்ததே!" என்பீர்கள். காஸ்கேரோ அந்தப் பெனால்ட்டியை ரியல் கோல்கீப்பர் கசியாஸ் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததால் தப்பித்தார்கள். பெப்பேக்கு 10 ஆட்டத் தடை. 11 நாள் கழித்து அதே மைதானத்துக்கு, ரியலின் சொந்த பெர்னபேயுவுக்கு, பார்சிலோனா வந்தது. பெப்பே இல்லை; தடுப்பின் நடுவில் கன்னவாரோவும் மெட்செல்டரும் நின்றார்கள். 2–6. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு ஆறு கோல் சாட்சி.

2014 உலகக் கோப்பை, ஜெர்மனிக்கு எதிராக. 37ஆவது நிமிடம், 0–2 பின்தங்கிய நிலை. முல்லரோடு மோதி வெளியேறினார். முடிவு 0–4. அந்தப் பிரிவில் அமெரிக்காவும் போர்ச்சுகலும் ஆளுக்கு நான்கு புள்ளி. கோல் வித்தியாசத்தில் போர்ச்சுகல் வீட்டுக்குப் போனது. இதுவா எதிரணி சொல்லும் உயர்வு?

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன். 2011 ஏப்ரலில் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு ஆட்டம். இந்த வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. முதலாவது ஏப்ரல் 20, மெஸ்தாயா மைதானத்தில் பார்சிலோனாவுக்கு எதிராக ஸ்பெயின் கோப்பையான கோபா டெல் ரே இறுதி. ரியல் பயிற்சியாளர் மொரின்யோ, தடுப்பின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்கான பெப்பேயை மிட்ஃபீல்டுக்கு ஏற்றினார். பார்சிலோனாவின் நடுக்களம் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் எதிரே போய் நிற்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பந்தைப் பறித்தாக வேண்டும் என்றில்லை, முன்னோக்கித் திரும்ப விடாமல் செய்தால் போதும். செய்தார். முதல் பாதியில் தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் ரொனால்டோ கோல், கோப்பை ரியலுக்கு. ஏப்ரல் 27, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அதே எதிரி, அதே வேலை, 0–0. 61ஆவது நிமிடத்தில் டானி ஆல்வெஸ் மேல் காலை உயர்த்திப் பாய்ந்தார், ரெட் கார்டு. பிறகு மெஸ்ஸி இரண்டு கோல். ஆளும் மாறவில்லை, இடமும் மாறவில்லை. அறிவு ஆடிய நாள் கோப்பை வந்தது, கால் எகிறிய நாள் இறுதி கைவிட்டுப் போனது.

எதிரணி இன்னொன்றையும் மறந்துவிட்டது. 2007இல் ரியல் 30 மில்லியன் யூரோ கொடுத்து அவரை வாங்கியபோது இந்தக் காட்சிகளில் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. பிரேசிலின் மசெயோவில் பிறந்து, 18 வயதில் போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் உள்ள மாரிட்டிமோ கிளப்புக்கு வந்து, 2004இல் போர்ட்டோ கிளப்புக்குப் போனவர். அங்கே பயிற்சியாளர் கோ அட்ரியான்சே பின்னால் மூன்றே பேரை நிறுத்தி ஆடினார். மூன்று பேர் வரிசையில் இரு ஓரமும் திறந்து கிடக்கும். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியாதவன் அங்கே அரை மணி நேரம் தாங்கமாட்டான். 2005–06இல் போர்ட்டோ லீகும் வென்றது, கோப்பையும் வென்றது. ரியல் விலை பேசியது அந்தக் கண்ணுக்கு.

அந்தக் கண் செய்யும் வேலை என்ன? கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஸ்ட்ரைக்கரிடம் பந்து வருகிறது. ஒட்டி நின்றால் உங்கள் உடம்பையே முட்டுக்கொடுத்துச் சுழன்றுவிடுவான். தள்ளி நின்றால் நிதானமாகத் திரும்புவான். ஒரு கை தூரம்தான் சரி. பாயவேண்டிய நேரம், பந்து அவன் காலுக்கு வந்த பிறகு அல்ல. பாஸ் கிளம்பி வழியில் இருக்கும்போது. அரை வினாடி தாமதித்தால் பந்துக்குப் பதில் கணுக்கால்தான் கிடைக்கும், கூடவே மஞ்சள் அட்டை. ஆக, நீங்கள் முரட்டுத்தனம் என்கிற பல ஃபவுல், நேரக் கணக்குத் தப்பிய டேக்கிள். இன்னொன்று, ஒருவர் முன்னே பாய்ந்தால் ஜோடிக்காரர் அவர் விட்ட இடத்துக்குக் குறுக்கே இறங்கவேண்டும். ரியலின் இன்னொரு சென்டர் பேக் ராமோசோடு ஆடிய வருடங்களில் இந்த ஏற்ற இறக்கம்தான் ரியலின் பூட்டு. ராமோசும் பாயும் ஆள் என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்த நாளில் கதவு திறந்தும் போயிருக்கிறது.

2016 யூரோ இறுதி. பாரிசில், பிரான்சுக்கு எதிராக. ரொனால்டோ 25ஆவது நிமிடத்தில் காயத்தோடு வெளியேறிவிட்டார். பெப்பேயே தொடைக் காயத்தால் அரையிறுதியை ஆடாதவர். 120 நிமிடம் பிரான்சுக்கு கோல் இல்லை. போர்ச்சுகலின் எடர் ஒன்று அடித்தார். ஆட்ட நாயகன் பெப்பே. குறையும் சொல்லிவிடுகிறேன். 90 நிமிடம் தாண்டியதும் பிரான்சின் கினியாக் ஒரே வெட்டில் அவரைக் கடந்துவிட்டார். பந்து கம்பத்தில் பட்டது. எவ்வளவு படித்த கண்ணும் கோலுக்கு அருகே அவசரப்பட்டால் அதுதான் கதி.

2021 மார்ச், டூரின், சாம்பியன்ஸ் லீக். யுவெண்டசுக்கு எதிராக 54ஆவது நிமிடத்திலிருந்து போர்ட்டோ பத்துப் பேர். பெப்பேக்கு வயது 38. ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் மேல் கிராஸ். அங்கே யாரையாவது இடித்தால் பெனால்ட்டி, கதை முடிந்தது. பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் வைக்கும்படி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்று, முதல் தொடுகையைத் தானே எடுக்கவேண்டும். எடுத்தார். 2–3 என்று தோற்றும், இரண்டு ஆட்டங்களின் கூட்டு ஸ்கோர் சமனானதால், வெளிக்கள கோல் (எதிரி மைதானத்தில் அடித்த கோல்) கணக்கில் போர்ட்டோ முன்னேறியது.

2022 உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கார்னரில் எழும்பி முட்டியபோது 39 வயது 283 நாள். அதுவரை உலகக் கோப்பை நாக்அவுட் சுற்றில் கோல் அடித்தவர்களில் மிக மூத்தவர் அவர்தான். பயந்துபோய் வழிவிட்டார்களா சுவிஸ்காரர்கள்?

கடைசியாக 2024 யூரோ. ஜூலை 1, ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், கடைசி ஆளாக நின்ற இடத்தில் பந்தைத் தவறவிட்டார். ஸ்லோவேனியாவின் ஷெஷ்கோ தனியே ஓடினார். போர்ச்சுகல் கோல்கீப்பர் டியோகோ கோஸ்டா காலால் காப்பாற்றினார். 41 வயதுக் கால் துரத்திப் பிடிக்காது. இளமையில் இதே தவறை ஓடியே சரிசெய்திருப்பார். நான்கு நாள் கழித்து ஹாம்பர்கில் பிரான்ஸ், எதிரே எம்பாப்பே. 120 நிமிடம் முழுக்க ஆடினார். தன்னைவிடப் பதினான்கு வயது இளைய துராம் ஓடியபோது கூடவே ஓடி மடக்கினார். பிரான்ஸ் ஒரு கோலும் போடவில்லை. பிறகு 5–3 என்று தோற்றது பெனால்ட்டி ஷூட்அவுட்டில். அங்கே சென்டர் பேக்குக்கு வேலை இல்லை. அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் மிதித்த காட்சியைத் தாராளமாக மறுபடி போடட்டும். ஹாம்பர்கின் அந்த 120 நிமிடத்தில் எந்த முரட்டுத்தனம் பிரான்சைத் தடுத்தது என்பதை மட்டும் இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டு உட்காரட்டும். நன்றி, வணக்கம்.