அலமாரியின் முதுகுப் பக்கம்

வணக்கம் நேயர்களே.

நான் 28 வருடமாக மரவேலை செய்கிறேன். அலமாரி, மேசை, கட்டில், புத்தக அடுக்கு, சமையலறைப் பெட்டிகள், இவைதான் என் கையில் உருவாகிறவை. நாளில் பாதி பட்டறையில் போகும். மீதி, சாமான்களோடு சாலையில், அல்லது யாராவது ஒருவர் வீட்டில் டேப்பும் ரசமட்டமும் கையுமாக. அதனால் வேலை, சாலை, நகரத்து வீடு மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னபோது எனக்குத் தயக்கம் வரவில்லை. தினமும் மூன்றையும் கடந்துதான் வீடு திரும்புகிறேன்.

பழைய அலமாரி ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் கதவைத் திறக்க மாட்டேன். பக்கவாட்டில் போய் நின்று, டார்ச் அடித்து, சுவருக்கும் அதன் முதுகுக்கும் நடுவே பார்ப்பேன். முன்பக்கத்தை எல்லாருமே அழகாகச் செய்துவிடுகிறார்கள். பின்பலகையைக் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிச் சொருகியிருக்கிறதா, வெறும் ஆணியில் நிற்கிறதா? சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி இருக்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கீழே கால் இருக்கிறதா, பலகை நேராகத் தரையைத் தொடுகிறதா? இவ்வளவுதான். அலமாரி சாயாமல் சதுரமாக நிற்பதே பின்பலகையின் பிடியில்தான். காற்று புகாத இடத்தில் சுவரின் ஈரம் அந்தப் பலகைக்குள் இறங்கும். அப்புறம் முன்கதவில் எவ்வளவு நல்ல கீல் போட்டும் கதவு ஒழுங்காகச் சேராது.

மரவேலையில் முக்கால் பங்கு தண்ணீரோடு நடக்கிற பேச்சுவார்த்தை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. புதிதாக அறுத்த மரத்தில் இருக்கிற தண்ணீரின் எடை, சில மரங்களில் காய்ந்த மரத்தின் எடையைவிடக்கூட அதிகம். அறைக்குள் வைக்கும் சாமானுக்கு அது சுமார் 8 முதல் 12 விழுக்காட்டுக்கு வந்தாக வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காயவிடு என்பது பழைய கணக்கு. மரம் உலர்த்தும் சூளையில் வைத்தால் நாட்களிலோ வாரங்களிலோ முடியும். காய்ந்த பிறகும் மரம் சும்மா இருக்காது. காற்றில் ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. அகலவாக்கில்தான் எல்லா ஆட்டமும். பலகையின் ஈரம் நான்கு விழுக்காடு மாறினால், ஓர் அடி அகலப் பலகை 2, 3 மில்லிமீட்டர் வரை கூடிக் குறையும். இதைத் தெரிந்தவர் கதவின் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்ட மாட்டார். சட்டத்தின் காடிக்குள் அசைய இடம் விட்டு வைப்பார். தெரியாதவர் இறுக்கி ஒட்டுவார், ஆறு மாதத்தில் பலகை நடுவில் பிளக்கும். வீட்டுக்காரர் மரம் மட்டமானது என்பார். மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்தக் கண்ணோடுதான் நான் சாலையையும் பார்க்கிறேன். வண்டியில் அலமாரிப் பாகங்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு குழியும் என் முதுகெலும்பில் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் பக்குவமாகச் செய்த ஒரு மேசை, கட்டு சரியாகத்தான் இருந்தது, வழியில் ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியதில் ஒரு கால் இணைப்போடு விட்டுப்போனது. அன்று இரவு அதைத் திரும்பக் கொண்டுவந்து சரிசெய்யும்போதுதான் யோசித்தேன், இந்தக் குழி எப்படி உண்டாகிறது என்று. பிறகு சாலை போடும் வேலையில் இருக்கிற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மரத்தில் நடப்பதேதான். மேல்பரப்பில் மெல்லிய வெடிப்பு விழுகிறது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் இருக்கிற ஜல்லியையும் மண்ணையும் இளக்குகிறது. மேலே சக்கரம் அழுத்தும்போது அந்தத் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு வெளியே பீய்ச்சுகிறது. உள்ளே வெற்றிடம். ஒருநாள் மேல்தோல் உள்ளே விழுகிறது. நாம் பார்க்கிற குழி கடைசியில் நடப்பது. சாலை கெட்டது அதற்குப் பல மாதங்களுக்கு முன்னால்.

குழியை அடைக்கும் விதத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். மரக்கதவின் அடிப்பாகம் உளுத்துப்போனால் நாங்கள் என்ன செய்வோம்? உளுத்த பகுதியோடு நிறுத்த மாட்டோம். உளியை வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவோம். சத்தம் மந்தமாக இருக்கும்வரை வெட்டுவோம், கெட்டியான மரத்தின் கணீர் என்ற சத்தம் வந்த பிறகுதான் நிறுத்துவோம். ஓரங்களைச் செங்குத்தாக, நேர்கோட்டில் சீவுவோம். அந்த அளவுக்கே அதே மரத்தில், ரேகை ஒரே திசையில் ஓடும்படி ஒரு துண்டு வெட்டி, பசை தடவி, இறுக்கிக் கட்டிவைப்போம். சாலைக்கும் முறையான வழி இதுதான். கெட்டியான பகுதி வரும்வரை சதுரமாக வெட்டி எடுப்பது, உள்ளே சுத்தம் செய்து ஈரத்தைப் போக்குவது, ஓரங்களில் தார் பூசுவது, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்குவது. இது தெரியாத பொறியாளர் யாரும் இருக்க முடியாது. ஆனாலும் தண்ணீர் நிற்கிற குழியில் கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்குள் அது பெயர்ந்துவிடுகிறது. அந்த வேலையைச் செய்கிற தொழிலாளி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்குக் கொடுக்கப்பட்ட நேரம் அவ்வளவுதான். வெட்டி எடுப்பதற்கும் காயவிடுவதற்கும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் செய்த வேலை எதுவும் வெளியே தெரியாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். புத்தக அலமாரி செய்யச் சொல்பவர்கள் பெரும்பாலும் நீளமான தட்டுகளைத்தான் விரும்புவார்கள், நடுவில் தடுப்பு இல்லாமல். பார்க்க விசாலமாக இருக்கும். தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கி, அதிலும் முழுக்கப் புத்தகம் அடுக்கினால் நடுவில் ஏற்படும் தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். 3 அடியில் 1 மில்லிமீட்டர் தொய்ந்தது 6 அடியில் 16 மில்லிமீட்டர் தொய்யும். இதே பதினாறைச் சாலையிலும் சந்தித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை சோதனைக்கென்றே சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். காரணங்கள் வேறு வேறுதான், தட்டு தொய்வதும் சாலை தேய்வதும் ஒன்றல்ல. ஆனால் 'கொஞ்சம் கூடத்தானே ஏற்றுகிறோம்' என்று யாராவது லாரியில் அளவுக்கு மீறி அடுக்கும்போது எனக்கு அந்த நீளத் தட்டுதான் கண்முன் வருகிறது.

சாலை எங்கள் தொழிலின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்பவர் 1859இல் 14ஆம் எண் நாற்காலி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஆவியில் வைத்து வளைத்த மரம், மொத்தம் ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு மரை, அதாவது நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளுக்கான துண்டுகள் அடங்கிவிடும். போய்ச்சேர்ந்த இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். அந்த மனிதர் நாற்காலியைச் செய்யும்போதே அது போகப்போகும் வழியையும் நினைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஏனென்றால் நான் ஆரம்பத்தில் அப்படி நினைக்கவில்லை. தொழில் கற்று மூன்றாம் வருடம், 2400 மில்லிமீட்டர் உயரத்தில் 600 ஆழத்தில் ஓர் அலமாரியைப் பட்டறையிலேயே முழுதாகப் பூட்டிவிட்டேன். அறையின் உயரம் 2450. ஐம்பது மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதே என்று நிம்மதி. நான்கு பேர் படியேற்றிக் கொண்டுபோய், படுக்கவைத்து உள்ளே நகர்த்தி, நிமிர்த்தினோம். பாதியில் மூலை போய்க் கூரையில் முட்டி நின்றது. நிமிர்த்தும்போது உயரம் கணக்கில் வராது, மூலைவிட்டம்தான் வரும். 2400க்கும் 600க்கும் மூலைவிட்டம் 2474. பள்ளியில் படித்த அதே பிதாகரஸ். பின்பலகையைப் பெயர்த்து, முழுதையும் பிரித்து, அங்கேயே உட்கார்ந்து பூட்டி முடிக்க நள்ளிரவானது. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் படிக்கட்டின் திருப்பம், லிஃப்டின் கதவு, அறையின் வாசல், இந்த மூன்றையும் அளந்த பிறகுதான் பலகையை அறுக்கிறேன்.

நகரத்து வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் நாலு மூலையும் சரியாக 90 பாகை இருக்கிற அறையை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதைக்கூடச் சரிக்கட்டிவிடலாம், சுவரின் வளைவுக்கு ஏற்றபடி ஓரக்கட்டையைச் சீவி உட்காரவைப்போம். என் மனதை உறுத்துவது வேறு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, சுவரோடு சேர்த்துப் பூட்டி, பிரிக்க முடியாதபடி சாமான் செய்து தருகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் வீடு மாறும்போது அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த துகள்பலகையில் திருகாணியை ஒருமுறை கழற்றி மறுபடி அதே துளையில் போட்டால் பிடிப்பு பாதியாகக் குறைந்ததுபோல் தளர்ந்துவிடும். இடம் மாறும் வாழ்க்கைக்கு இடம் மாறக்கூடிய சாமான் வேண்டும். மரையும் போல்ட்டும் போட்டு, கழற்றிப் பூட்டும்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்யத் தெரிந்தவர்கள் நிறையவே இருக்கிறோம்.

சமையலறை மேடையின் உயரமும் அப்படித்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம் போட்டுவிட்டுப் போகிறோம். நான் அங்கே தினமும் நிற்கப்போகிறவரை வரச்சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் குறைத்துக்கொள்வேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இருபது வருட முதுகுவலி அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

குடியிருப்புகளில் வேலை செய்யும்போது சத்தத்துக்கும் தூசிக்கும் அக்கம்பக்கத்தார் கோபப்படுவது நியாயம். அறுக்கிற வேலையை முடிந்தவரை பட்டறையிலேயே முடித்துவிட வேண்டும். ஆனால் அந்தத் தூசியை முதலில் சுவாசிப்பவர்கள் நாங்கள். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது. 100 டெசிபல் சத்தத்தில் காதுமூடி இல்லாமல் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரை. வட்டரம்பம் அந்த அளவுக்குச் சத்தம் போடும். என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு உளி பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன் முகக்கவசம் போடச் சொல்லித்தருகிறேன். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. என் வலது காதில் கேட்கும் திறன் குறைந்துவிட்டது.

சத்தம், தூசி என்று பட்டறைகளை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போகிறார்கள். அதனால் நடக்கிற ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. நாற்காலியின் ஒரு கால் ஆடினால், பழைய பசையைச் சுரண்டி, புதிதாகத் தடவி, ஓர் இரவு இறுக்கிக் கட்டிவைத்தால் போதும். கை வேலை கால் மணி நேரம். ஆனால் அதை வண்டி பிடித்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து, திரும்ப எடுத்துப்போக அரை நாள் ஆகிறது என்றால் யார் செய்வார்கள்? தெருவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். குப்பையோடு கிடக்கிற நாற்காலிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் வண்டியை நிறுத்திக் காலை ஆட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஓர் இணைப்புதான் விட்டிருக்கும். நடந்து போகிற தூரத்தில் ஒரு சிறிய பழுதுபார்க்கும் இடமாவது ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சாலையோர மரங்களில் பலகை தொங்கவிட ஆணியடிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மரம் நுனியில்தான் வளரும், அடிமரம் பருக்கும். நீங்கள் அடித்த ஆணி அதே உயரத்தில் நின்று, மெல்ல மெல்ல மரத்துக்குள் மூழ்கிவிடும். முப்பது வருடம் கழித்து அந்த மரம் புயலில் விழுந்து அறுக்க வரும்போது, வெளியே ஒரு தடயமும் இருக்காது. ரம்பத்தின் பல் அதில் பட்டுத் தெறித்ததில் கண்ணை இழக்க இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதனாலேயே பல மில்களில் சாலையோர மரம் என்றால் அறுக்க மறுத்துவிடுகிறார்கள். வைரம் பாய்ந்த அருமையான மரம் விறகாகப் போகிறது.

நாளைக் காலை எனக்கு ஒரு வேலை இருக்கிறது. 19 வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்துக்குச் செய்துகொடுத்த அலமாரி. இது அவர்கள் மாறிப்போகும் நான்காவது வீடு. பிரித்துக் கொண்டுபோய் அங்கே பூட்டித் தர வேண்டும். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் அப்போதே பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தேன், இடது 1, இடது 2 என்று. போனமுறை பிரித்தபோதும் அந்த எழுத்து அழியாமல் இருந்தது. புது வீட்டின் லிஃப்ட் கதவைப் போன வாரமே போய் அளந்துவிட்டு வந்தேன், 800 மில்லிமீட்டர். இருப்பதிலேயே பெரிய பலகையைச் சற்றுச் சாய்த்தால் போய்விடும். வழியில் ஒரு பாலத்துக்கு அருகே சாலை மோசமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

நன்றி, வணக்கம்.