தோப்பு சாய்ந்தாலும் சாயாதது

நடுவர் அவர்களுக்கும் மஞ்சக்குப்பத்தில் திரண்டிருக்கும் கடலூர் மக்களுக்கும் வணக்கம்.

உடலைக் காப்பது நம்பிக்கையா, எச்சரிக்கையா என்று கேட்டால் எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "புயல் வருகிறது என்றால் நம்பிக்கைக்காரர் சில்வர் பீச்சுக்கு வேடிக்கை பார்க்கப் போவார்; சர்க்கரை ஏறினால் அல்வாவைத் தின்றுவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்பார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்!

கடலூர்க்காரனிடமா ஐயா புயலைப் பற்றிப் பேசுவது? 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் என் உறவினர், எழுபதைத் தாண்டியவர். காற்று அடங்கி வெளியே வந்தால் முந்திரித் தோப்பு மொத்தமும் தரையில். அவர் அப்பா வைத்த பலா வேரோடு சாய்ந்து கிடக்கிறது. கட்டிலில் படுத்தவர் இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தொடவில்லை. மகன் கெஞ்சினான், மருமகள் அழுதாள். "தோப்பே போய்விட்டது, எனக்கு எதற்கு மாத்திரை?"

சில வாரம் கழித்துப் பேரன் ஒட்டுக்கன்றுகளோடு வந்து இறங்கினான். கிழவர் தலையைத் தூக்கினார். "முந்திரி எப்போதடா காய்க்கும்?"

"மூன்று வருடம் ஆகும் தாத்தா."

"பலா?"

"ஐந்தாறு வருடமாவது ஆகும்."

எழுந்து உட்கார்ந்தார். "அந்த மாத்திரையை எடு!"

கைதட்டலை நிறுத்துங்கள், இன்னும் இருக்கிறது. மாத்திரை அதே அலமாரியில்தான் இருந்தது. மருத்துவரின் எச்சரிக்கையும் காதில்தான் இருந்தது. நண்பரே, எடுக்க வைத்தது எது? எழுபது வயதில் பலாப்பழத்துக்கு நாள் குறித்தாரே, அது! நம்பிக்கைக்காரர் அல்வா தின்னமாட்டார் ஐயா. பலாச்சுளை தின்ன வேண்டுமென்று பத்தியம் இருப்பார்!

2019இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. செவிலியர்களையும் முன்னாள் படைவீரர்களையும் பல்லாண்டுகள் கவனித்தார்கள். நம்பிக்கை மிகுந்தவர்களின் ஆயுள் சராசரியாக 11 முதல் 15 சதவீதம் கூடுதல். உணவு, புகைப் பழக்கங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

ஆய்வு இருக்கட்டும். 2004 சுனாமியில் நம் தேவனாம்பட்டினம் என்ன பாடுபட்டது! பிள்ளையை வாரிக்கொண்டு போன அதே கடலில் மறுபடி படகு இறக்கினார்களே, கூடையைத் தலையில் சுமந்து தாய்மார்கள் மறுபடி மீன் விற்க வந்தார்களே! மிச்சமிருந்த பிள்ளையைப் படிக்கவைத்து ஆளாக்கினார்களே! அப்படி ஒரு தாய் இந்தக் கூட்டத்தில் இருப்பார். எதிரணி நண்பர் அவர் முன்னால் நின்று, "அம்மா, உங்கள் நம்பிக்கை வெறும் ஏமாற்று" என்று சொல்லட்டும். சொல்ல வாய் வருமா ஐயா? நன்றி, வணக்கம்.