கிரிஸ்லி கரடி வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

வணக்கம் நண்பர்களே. கிரிஸ்லி கரடி வேட்டைக்குப் போக விரும்பும் நேயர்கள் தொடர்ந்து என்னிடம் கேட்பது, எந்த ரைஃபிளை வாங்குவது என்பதைத்தான். இன்றைய காணொளியில் அதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017-ஆம் ஆண்டு இறுதியில் கிரிஸ்லி வேட்டையைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவிலும், அலாஸ்காவுக்குத் தெற்கே உள்ள மாநிலங்களில் 1975 முதல் கிரிஸ்லி பாதுகாக்கப்பட்ட விலங்காக இருக்கிறது. ஆகவே நான் பேசப்போவது அலாஸ்காவைப் பற்றி. அங்கே வெளிநாட்டுக் குடிமக்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியின் துணையில்லாமல் கரடி வேட்டைக்குப் போக முடியாது. குட்டிகளையும், குட்டிகளோடு திரியும் தாயையும் சுடுவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை.

அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறை, தொழில்முறை வழிகாட்டிகளிடமிருந்து அதிகம் கேட்கும் புகார்கள் என்று இரண்டைக் குறிப்பிடுகிறது. வரும் வேட்டைக்காரர்களுக்கு உடல் தகுதி இல்லை என்பது ஒன்று. தாங்கள் கொண்டுவரும் ரைஃபிளால் அவர்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லை என்பது மற்றொன்று. கரடி என்றவுடன் பயந்து, கடையில் உள்ளவற்றிலேயே பெரிய மேக்னம் (கூடுதல் வெடிமருந்துள்ள தோட்டாவைச் சுடும்) ரைஃபிளை வாங்கி, அதன் உதைப்பைத் தாங்க முடியாமல் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொள்பவர்களைப் பற்றித்தான் அந்த இரண்டாவது புகார். வயிற்றில் குண்டு வாங்கிய கரடி ஆல்டர் புதருக்குள் புகுந்துவிட்டால், அது மணிக்கணக்கில் வேதனைப்படும். அதைத் தேடி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அந்தப் புதருக்குள் வழிகாட்டி தன் உயிரைப் பணயம் வைத்து நுழைய வேண்டியிருக்கும். அதனால்தான், எது பெரிய துப்பாக்கி என்று கேட்பதைவிட, எந்தத் துப்பாக்கியால் முதல் குண்டை நினைத்த இடத்தில் பாய்ச்ச முடியும் என்று கேட்கச் சொல்கிறேன்.

தோட்டாப் பெயர்களில் புள்ளியோடு வரும் எண், குண்டின் ஏறத்தாழ விட்டத்தை அங்குலத்தில் சொல்வது. உங்களிடம் ஏற்கெனவே .30-06 ரைஃபிள் இருந்து, அது கைக்குப் பழகியும் இருந்தால், கரடிக்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான அந்தத் தோட்டா, 180 முதல் 220 கிரெய்ன் (குண்டின் எடை அளவு; ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) வரையிலான உறுதியான குண்டோடு சரியான இடத்தில் பட்டால், கடலோரத்தை விட்டு விலகிய உட்பகுதியில் வாழும் கிரிஸ்லிக்குப் போதுமானது. கோடியாக் தீவிலும் அலாஸ்கா தீபகற்பத்திலும் சால்மன் மீன் தின்று வளரும் ஆண் கரடிகள் 400 கிலோவைத் தாண்டக்கூடியவை. அங்கே போகிறவர்களுக்கு 1958-இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னம் அல்லது 1912-இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய .375 எச் அண்ட் எச் மேக்னம் கூடுதல் துணிவைத் தரும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு .375-ஐத்தான் பரிந்துரைப்பேன். 300 கிரெய்ன் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர் வேகத்தில் அனுப்பும் அந்தத் தோட்டாவின் உதைப்பு .30-06-ஐப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு என்பது உண்மைதான். ஆனாலும் .338-இன் உதைப்பு வெடுக்கென்று அறைவது போலவும், .375-இன் உதைப்பு தோளைப் பிடித்துத் தள்ளுவது போலவும் இருப்பதால், பயிற்சியில் பழகிக்கொள்ள .375 எளிது என்பது என் கருத்து.

1953-இல் ஆல்பர்ட்டாவின் ஸ்லேவ் லேக் அருகே பெல்லா ட்வின் என்ற கிரீ இனப் பெண்மணி, ஒற்றைக் குண்டு .22 ரைஃபிளால் மிகப் பெரிய கிரிஸ்லி ஒன்றை வீழ்த்தினார். அதைக் காட்டி, சிறிய தோட்டாவே போதும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். காட்டிலேயே வாழ்ந்து பழகிய ஒருவர், வேறு வழியில்லாத சூழலில், மிக அருகிலிருந்து, கரடியின் நெற்றிப் பொட்டில் சுட்ட அந்தக் குறியை நான் வணங்குகிறேன். ஆனால் அதை வைத்து யாரும் ஆயுதம் தேர்வு செய்யக்கூடாது.

இப்போது குண்டுக்கு வருகிறேன். பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இதுதான். என் கையில் உள்ள, நெடுக்காக அறுத்த இந்த நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். வெளியே செம்பு உறை, உள்ளே ஈயம்; நடுவில் குறுக்காகச் சுவர்போல ஓடும் செம்புத் தடுப்பு தெரிகிறதா? முன்பகுதி ஈயம் எலும்பில் மோதி விரிந்து சிதறினாலும், தடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஈயம் எடை குறையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1946-இல் மூஸ் என்ற பெரிய மான் வேட்டையின்போது தன் குண்டுகள் விலங்கின் உடலுக்குள் ஆழமாக இறங்காததைக் கண்டு ஜான் நாஸ்லர் வடிவமைத்தது இது. மான் வேட்டைக்கான மென்மையான குண்டு, வேகம் மிக அதிகமாக இருக்கும் குறைந்த தூரத்தில், கரடியின் தோள் எலும்பில் பட்டவுடனே சிதறிவிடக்கூடும். கரடி வேட்டையில் ஆபத்து நேர்வதும் அந்தக் குறைந்த தூரத்தில்தான். அலாஸ்காவில் பணியாற்றும் ஊழியர்களின் பாதுகாப்பை மனத்தில் வைத்து அமெரிக்க வனத்துறை 1983-இல் வெளியிட்ட அறிக்கைக்கான சோதனைகளில், குண்டுகளை ஏறத்தாழ 14 மீட்டர் தூரத்தில் சுட்டுப் பார்த்ததும் இந்தக் காரணத்தால்தான். பார்ட்டிஷன் கிடைக்காவிட்டால், ஈயமும் உறையும் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் அல்லது முழுவதும் செம்பாலான பார்ன்ஸ் குண்டை வாங்குங்கள். செம்புக் குண்டில் எடையிழப்பு மிகக் குறைவு என்பதால், ஒரு படி குறைந்த கிரெய்னை எடுத்தாலும் பாதகமில்லை. விரியாத சாலிட் குண்டுகள் வேண்டாம். அவை குறுகிய துளையிட்டு ஊடுருவிப் போய்விடும்.

ரைஃபிளின் அமைப்பைப் பொறுத்தவரை, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து தோட்டா வெளிவரும்போதே அதை ஒரு நகம் பிடித்துக்கொள்ளும், கையால் இழுத்துத் தள்ளி இயக்கும் மவுசர் 98 வகை போல்ட் ஆக்‌ஷனை நான் நம்புகிறேன். வின்செஸ்டர் மாடல் 70, ரூகர் ஹாக்ஐ இரண்டிலும் அது உண்டு. மழையும் கடற்காற்றும் ஓயாத ஊர் என்பதால் துருப்பிடிக்காத எஃகுக் குழலும் செயற்கை இழைக் கட்டையும் நல்லது. குழலின் வாயில் ஒரு துண்டு மின்சார டேப்பை ஒட்டிவிட்டால் தண்ணீரும் சேறும் உள்ளே போகாது. சுடும்போது குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைப் பிய்த்துவிடுவதால் குறி தவறாது. ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) உருப்பெருக்கம் 1.5 மடங்கிலிருந்து தொடங்கட்டும். அருகில் வரும் கரடியை அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தால் வெறும் ரோமம்தான் தெரியும். உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக்கைப் பொருத்தாதீர்கள். அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காது கெட்டுவிடும்.

எங்கே குறி வைப்பது? கரடி பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருங்கள். தோளுக்கு மேல் எழும் திமில் வெறும் தசை. அடர்ந்த ரோமமும் சேர்ந்து உடலை உயரமாகக் காட்டும். அந்த உயரத்தை நம்பினால் குண்டு மேலே போய்விடும். முன்னங்காலின் கோட்டில் மேலே வந்து, உடலின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே பாருங்கள். தலையில் சுடாதீர்கள், மூளை சிறியது, மண்டையோடு சரிவானது, தோலோடு மண்டையோட்டையும் அலாஸ்கா வனவிலங்குத் துறையிடம் காட்டி முத்திரை பெற வேண்டும். முதல் குண்டு பட்டதும் நின்று பார்க்காமல், அசைவு அடங்கும் வரை சுடுங்கள்.

அதற்கு, துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே போல்ட்டை இழுத்துத் தள்ளப் பழகியிருக்க வேண்டும். வீட்டில் வெற்றுப் பயிற்சித் தோட்டாக்களை வைத்து அதைத் தினமும் செய்யலாம். சுடும் களத்தில் மேசையை விட்டு எழுந்து, மண்டியிட்டும் உட்கார்ந்தும் 100 மீட்டரிலும், கைத்தாங்கல் இல்லாமல் நின்றபடி 30 மீட்டரிலும் சுடுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே குண்டையே களத்திலும் பயன்படுத்துங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு துப்பாக்கியை அமெரிக்காவுக்குள் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 5 கிலோவுக்கு மேல் தோட்டா ஏற்பதில்லை. 40 தோட்டாக்கள் அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கும். பயணத்தில் ஸ்கோப் அடிபட்டு நகர்ந்திருக்கக்கூடும் என்பதால், முகாமில் இறங்கியதும் அவற்றில் 3 தோட்டாக்களைச் செலவழித்துக் குறியைச் சரிபார்த்த பிறகே வழிகாட்டியோடு புறப்படுங்கள்.