வாயால் பாடிக் காட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் முப்பது வருடமாகக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பத்து வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்தேன். குடியாத்தம், வாலாஜா, ஆரணி, திருப்பத்தூர் என்று திருவிழா மேடை, கல்யாண வரவேற்பு எதையும் விட்டதில்லை. ராக் இசையில் கிட்டாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இங்கே அழைத்தார்கள். விரலை இங்கே வை, அங்கே வை என்று வானொலியில் காட்ட முடியாது. அதனால் உங்கள் காதை மட்டும் நம்பிப் பேசுகிறேன்.

போன வருடம் ஒரு பையன் வந்தான். இன்ஜினியரிங் படிக்கிறவன், நல்ல உழைப்பாளி. நான்கு வருடம் வீட்டிலேயே யூடியூப் பார்த்துக் கற்றிருக்கிறான். "மாஸ்டர், மெட்ரோனோமில் 200 தொட்டுட்டேன்" என்றான். மெட்ரோனோம் என்பது தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவி; 200 என்றால் நிமிடத்துக்கு இருநூறு தட்டு. வாசித்தும் காட்டினான். விரல் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. முடித்ததும் கேட்டேன்:

"இப்ப வாசிச்சதை வாயால பாடிக் காட்டுப்பா."

"எதை மாஸ்டர்?"

"இப்ப வாசிச்சியே, அதைத்தான்."

அவனால் முடியவில்லை. அவன் நெஞ்சுக்குள் அந்த இசை இல்லை, விரலில் மட்டும்தான் இருந்தது. அவனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். வேகத்தை அளக்க எண் இருக்கிறது. ஒரு மெட்டு மனதைத் தொட்டதா என்பதற்கு எண் கிடையாது. பிள்ளைகள் அளக்க முடிகிறதை நோக்கி ஓடுகிறார்கள்.

நீங்களே நினைத்துப் பாருங்கள். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அதில் 'இளைய நிலா' பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் ஒரு கிட்டார் வருமே, அது ராக் இசை இல்லை. ஆனால் அந்தக் கிட்டாரை இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். பாட்டின் வரியை முணுமுணுப்பது வேறு, வாத்தியத்தை முணுமுணுப்பது வேறு. ஒரு கிட்டார்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

இந்த ருசி எனக்கு எங்கே வந்தது என்று சொல்லியாக வேண்டும். கிட்டாரில் வரவில்லை, கூத்தில் வந்தது.

அம்மாவின் ஊர் ஆரணிப் பக்கம். பழைய வடஆற்காட்டில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. தாத்தா என்னைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசை மணலில் உட்கார வைப்பார். வேஷக்காரர்களுக்குப் பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். அந்த ஓரத்தில் முகவீணை. முகவீணை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பார்க்க நாதஸ்வரத்தின் சின்னத் தம்பி மாதிரி, ஒரு முழம்கூட இருக்காது. சத்தம் மட்டும் ஊர் எல்லை தாண்டும்.

அன்றைக்குத் துகிலுரிதல். விடியற்காலை இரண்டு, மூன்று மணி இருக்கும். அதுவரை முகவீணைக்காரர் அடவுக்கு அடவு ஓடிக்கொண்டிருந்தார், மிருதங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டு. துச்சாதனன் சேலையைப் பிடிக்கிற இடம் வந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். பாஞ்சாலி வேஷம் கட்டியவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அந்த நேரத்தில் முகவீணைக்காரர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்தார். கீழிருந்து மெதுவாக ஏற்றி, சேர வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்தினார். நிறுத்தி அசைத்தார். சேர்க்கவே இல்லை. என் பக்கத்தில் இருந்த பாட்டிகள் வாய்விட்டு அழுதார்கள். நிமிர்ந்து பார்த்தால் தாத்தாவும் அழுகிறார். கடைசியில் "கோவிந்தா" என்று குரல் எழும்பியபோதுதான் அந்த ஸ்வரம் போய்ச் சேர்ந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அந்த ஒற்றை ஸ்வரம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் அதற்கு முன்னால் ராத்திரி முழுவதும் வாசித்த ஆயிரம் ஸ்வரத்தில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் பதினேழு வயதில் ஒரு நண்பன் வீட்டில், தேய்ந்துபோன கேசட்டில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவைக் கேட்டேன். அதன் கிட்டார்காரர் டேவிட் கில்மோர் கம்பியைத் தள்ளி ஒரு ஸ்வரத்தை ஏற்றுகிறார். மெதுவாக ஏறுகிறது, சேரும் முன் தயங்குகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆரணி முகவீணை! இங்கிலாந்துக்காரர் ஒருவர் மின்சாரக் கிட்டாரில் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

கம்பியைத் தள்ளுவது என்றேனே, அது என்ன? வீணையில் மெட்டு என்ற குறுக்குக் கட்டையின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம், அதாவது ஸ்வரத்துக்கு அசைவு, கொடுப்பார்களே, அதே வேலைதான். மோதிர விரலால் கம்பியை அழுத்தி அப்படியே மேலே தள்ள வேண்டும். பின்னால் இரண்டு விரல் முட்டுக் கொடுக்கும். இழுவை கூடக் கூட ஸ்வரம் ஏறும். எஃகுக் கம்பி விரல் நுனியில் கோடு போடும். ஆரம்பத்தில் தோல் உரியும், பிறகு காய்ப்பு ஏறும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று கையில் எந்த அடையாளமும் கிடையாது. காதுதான் சொல்ல வேண்டும். மின்னல் வேகத்தில் வாசிக்கிற பையன்கள் பலர் இந்த ஒன்றைத் தள்ளும்போது சுருதி சேராமல் நிற்பதைப் பார்க்கிறேன்.

கில்மோரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். 1975-இல் வந்த 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாடல், இரண்டு பாகத்தையும் சேர்த்தால் 25 நிமிடத்துக்கும் மேல் போகும். அவ்வளவு பெரிய பாடலுக்கு விதை, கில்மோர் ஒத்திகையில் தற்செயலாக வாசித்த நான்கே ஸ்வரம். அதில் இருந்த சோகம்தான் அதே குழுவின் ரோஜர் வாட்டர்ஸுக்கு, மனநிலை குலைந்து குழுவை விட்டுப் போன நண்பர் சிட் பாரெட்டை நினைவூட்டியது. நான்கு ஸ்வரம், நேயர்களே. என்னிடம் வந்த அந்தப் பையனுக்கு ஒரு வாரம் நான்கே ஸ்வரம்தான் கொடுத்தேன். "இந்த நாலை வச்சு உங்க அம்மாகிட்ட பேசு" என்றேன்.

இன்னொன்று, 1979-இல் வந்த 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' பாடலின் கடைசியில் வரும் சோலோ, அதாவது கிட்டார் தனித்து முன்னால் வாசிக்கும் பகுதி. கில்மோர் அதை ஐந்தாறு தடவை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைக் கோர்த்து ஒன்றாக்கினார். அவருக்கு விரல் வேகம் போதாதா? போதும். ஆனால் எதை விடுவது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கற்பனை என்று நான் சொல்வது இதைத்தான். நம் வித்வான்கள் மனோதர்மம் என்பார்கள்.

வேகமே கூடாது என்று சொல்கிறேனா என்றால், இல்லை. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தில் இல்லாத பிருகாவா, அதாவது வேகமான ஸ்வர ஓட்டமா? ஆனால் அந்த பிருகா தோடிக்குள் இருந்தது. தோடியைச் சொல்லத்தான் வந்தது. 1978-இல் ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் இரண்டு கையாலும் ஃபிரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் மெட்டுகளில், தட்டி வாசித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். அதில் ஒரு துள்ளல், ஒரு சந்தோஷம் இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த பலர் தட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், சந்தோஷத்தை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

குயின் ராக் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே, பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே தன் கிட்டாரைச் செய்தார். அதன் கழுத்து, பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம். கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் துண்டான பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிறார். அவருடைய சோலோக்களை எடுத்துப் பாருங்கள், பாடகர் விட்ட இடத்தில் இன்னொரு பாடகர் வந்தது மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் வாயால் பாடலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் பாக்கி. ஜெஃப் பெக் என்ற ராக் கிட்டார்காரரைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: 1980-களில் அவர் பிக்கை விட்டுவிட்டு வெறும் விரலால் மீட்ட ஆரம்பித்தார். சுண்டுவிரலால் வால்யூம் குமிழைத் திருப்பி, ஸ்வரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் மூச்சு மாதிரி கொண்டு வருவார். 2023 ஜனவரியில் காலமானார். தேடிக் கேளுங்கள்.

அப்புறம், வீட்டில் பீரோ மேல் கிட்டார் கிடக்கிற பெற்றோருக்கு ஒன்று. கம்பி உயரமாக இருந்தால் பிள்ளையால் தள்ளவே முடியாது, ஆசையும் போய்விடும். தெரிந்தவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைத்து, மெல்லிய கம்பி போட்டுக் கொடுங்கள்.

அந்தப் பையன் அடுத்த வாரம் வந்தான். கிட்டாரை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், வாசலில் நின்றபடியே நான்கு ஸ்வரத்தைப் பாடினான்.

நன்றி, வணக்கம்.