அசுரர் பள்ளியில் படாத பாடு பட்டவர்கள் வாத்தியார்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மணி பத்தாகியும் எழுந்து போகாத அவையோரே, வணக்கம்.

‘அசுரர் பள்ளிக்கூடத்தில் அதிகம் அவதிப்பட்டவர்கள் மாணவர்களா, ஆசிரியர்களா?’ என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா, பிரகலாதனை யானை காலில் போட்டதையும் விஷம் வைத்ததையும் சொல்லி உங்களை அழ வைத்துவிட்டார். நான் கேட்கிறேன், அது பள்ளிக்கூடத்து யானையா? அரண்மனை யானை. ஏவியது பெற்ற தகப்பன். அதற்கு வாத்தியார் என்னம்மா செய்வார்?

வகுப்புக்குள் வாருங்கள். அன்றைக்கு முதல் பாடமே, ‘உன் அப்பா பேரைச் சொல்லு.’ பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ‘பெரியவரே, இது நல்லதில்லை’ என்று வாத்தியாருக்கே புத்தி சொல்லிவிட்டு, நாராயணன் பேரைச் சொன்னான் என்கிறார் கம்பர். வாத்தியார் அலறுகிறார்: ‘என்னையும் கெடுத்தாய், உன்னையும் கெடுத்துக்கொண்டாய்!’ பையன் வாயைத் திறந்தால் தன் தலை போய்விடுமே என்று நடுங்கிய வாத்தியார் வேறு எந்தப் பள்ளியில் இருந்தார்?

அப்புறம் பெற்றோர் சந்திப்பு. இது பாகவதத்தில் வருகிறது. அசுரர்களின் குரு சுக்கிராச்சாரியாரின் பிள்ளைகள் சண்டனும் அமர்க்கனும்தான் வாத்தியார்கள். இரணியன் மகனை மடியில் வைத்துக் கொஞ்சி, ‘படித்ததில் நல்லதாக ஒன்று சொல்லு கண்ணு’ என்கிறான். கண்ணு, ஒன்பது வகை விஷ்ணு பக்தியையும் வரிசையாக ஒப்பிக்கிறது. உதடு துடிக்க இரணியன் பாய்ந்தது யார் மேல்? வாத்தியார் மேல்! அவர் சொன்ன பதில்: ‘ராஜா, இது நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, வேறு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. இவனுக்குப் பிறவியிலேயே வந்த புத்தி.’ பையன் முதல் ராங்க் வாங்கியிருந்தால் இதைச் சொல்லியிருப்பாரா என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். உயிர் பிழைக்க வேண்டாமா?

பிறகு, ‘எங்கள் அப்பா வரும்வரை இவனைக் கட்டிப் போட்டு வையுங்கள்’ என்றார்கள். ஆமாம், தலைமை ஆசிரியர் ஊரில் இல்லை. இது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். மறுபடி வகுப்பு. வாத்தியார்கள் வீட்டு வேலையாகக் கொஞ்சம் வெளியே போனார்கள். விளையாடக் கூப்பிட்ட அசுரப் பிள்ளைகளை உட்கார வைத்து இவன் பாடம் எடுத்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் வகுப்பு மொத்தமும் விஷ்ணு பக்தர்கள்!

சரி, தலைமை ஆசிரியராவது நிம்மதியாக இருந்தாரா? மகாபாரதத்தைப் பாருங்கள். சுக்கிராச்சாரியாரிடம் படிக்கத் தேவர் பக்கத்திலிருந்து கசன் வந்து சேர்ந்தான். செத்தவரைப் பிழைக்க வைக்கும் மந்திரத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று அசுரர்களுக்குப் புரிந்துவிட்டது. வெட்டி ஓநாய்க்குப் போட்டார்கள். வாத்தியார் மகள் தேவயானி அழுதாள், அவர் பிழைக்க வைத்தார். கடைசியில் கசனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து வாத்தியாருக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்டால் வயிற்றுக்குள்ளிருந்து ‘உள்ளேன் ஐயா’! உள்ளே இருப்பவனுக்கு மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்து, அவன் வயிற்றைக் கிழித்து வெளியே வர, செத்துப்போன குருவை அவன் பிழைக்க வைத்தான். நடுவர் அவர்களே, நீங்களும் ஆசிரியர்தான். பாடம் நடத்தித் தொண்டை கிழிந்திருக்கும். வயிறு கிழிந்ததுண்டா?

‘பிரகலாதன் பட்ட கஷ்டம்’ என்று எதிரணி மறுபடி ஆரம்பிக்கும். அவனுக்கு ஒரு கீறல் உண்டா? தூண் பிளந்தது, இரணியன் போனான். அடுத்த ராஜா யார்? எந்தப் பையனைப் பற்றி ராஜாவிடம் ஓடி ஓடிப் புகார் சொன்னார்களோ, அதே பையன். பட்டாபிஷேகத்தை முன்னின்று நடத்தியவர்களில் சுக்கிராச்சாரியாரும் ஒருவர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அன்றைக்கு எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றிருப்பார்கள் என்பதை எதிரணி வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.