தாமிரபரணிக்கு ஏப்ரல் மாதத்தில் எவ்வளவு நீரோட்டம் கேட்கலாம்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மாணவர் அனுப்பிய கேள்வி சில நாட்களாக என்னை விடவில்லை. ஆற்று நீரைப் பங்கிட்டுக் கணக்குப் பார்க்கும் வீப் (WEAP) மென்பொருளில் தாமிரபரணியை வரைந்து, ஆறு உயிரோடிருக்க ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் இத்தனை விழுக்காடு விட வேண்டும் என்று சொல்லும் டெனன்ட் முறைப்படி குறைந்தபட்ச நீரோட்டத்தை இலக்காகக் கொடுத்தாராம். எந்த ஆண்டை ஓட்டினாலும் ஏப்ரல், மே மாதங்களில் இலக்கு எட்டப்படவில்லை என்றே காட்டுகிறதாம். மென்பொருளில் கோளாறா என்று கேட்கிறார்.

கோளாறு மென்பொருளில் இல்லை. டெனன்ட் 1976இல் வெளியிட்ட அந்த முறை மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஆறுகளைப் பார்த்து உருவானது. பனி உருகி வெள்ளம் வரும் காலத்தை ஒட்டி, ‘நன்று’ என்னும் நிலைக்கு ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை 20 விழுக்காடும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 40 விழுக்காடும் அது கேட்கிறது. ஆற்றின் பருவத்தைப் பார்த்த பிறகே அட்டவணையைத் திறக்க வேண்டும் என்று முந்தைய பதிவுகளில் நான் சொல்லிச் சொல்லி உங்களுக்கே சலித்திருக்கும். சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி ஆண்டைக் கார், பிசானம் என்னும் நெற்பருவங்களாகத்தான் பிரிப்பார். காருக்குத் தென்மேற்குப் பருவமழை, பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை. வெள்ளம் புரளும் நவம்பரில் குறைவாகவும், மணல் தெரியும் ஏப்ரலில் இருமடங்காகவும் கேட்டால் எந்த அணையாலும் கொடுக்க முடியாது.

ஆகவே, பாபநாசம் அணைக்கு வரும் நீர்வரத்தை மாதவாரியாக எடுத்து, அந்தந்த மாதச் சராசரியில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை இலக்காக வையுங்கள். மேல் கங்கையில் விட வேண்டிய குறைந்தபட்ச நீரோட்டம் பற்றி 2018இல் வந்த மத்திய அரசின் அறிவிக்கையும் நவம்பர் முதல் மார்ச் வரை 20, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு என்று மாதத்தை ஒட்டியே பிரிக்கிறது. அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டிவிடாதீர்கள். அது வேறு ஆறு.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இலக்கை ஆற்றின் எந்த இடத்தில் வைப்பது என்பதே. பாபநாசத்துக்குக் கீழே வைத்தால், பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரே அந்த வழியாக ஓடி இலக்கை நிறைவேற்றிவிடும்; ஆற்றுக்கென்று எதுவும் விடாமலே கணக்கு நேராகிவிடும். எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலை நோக்கிப் போகும் பகுதியில்தான் உண்மையான பற்றாக்குறை தெரியும். இலக்கை அங்கே வைத்து, முன்னுரிமை எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீப்பில் 1 என்பதே முதல் உரிமை. குடிநீர், பாசனம், ஆறு மூன்றுக்கும் அதே எண்ணைக் கொடுத்தால் பற்றாக்குறையை மூன்றும் ஒரே விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும். குடிநீருக்கு 1, ஆற்றுக்கு 2, பாசனத்துக்கு 3 என்று கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். கார் சாகுபடியில் எவ்வளவு துண்டு விழுகிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.