தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

2001ஆம் ஆண்டில், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பால் ஹார்ன் ஒரு கவலையை வெளியிட்டார். கணினிகளின் வேகம் போதவில்லை என்பதல்ல அவர் கவலை. அவற்றைக் கட்டி மேய்க்க ஆள் போதாமல் போய்விடுமே என்பதுதான். இதயத்துடிப்பையும் மூச்சையும் நாம் நினைக்காமலேயே உடம்பு கவனித்துக்கொள்கிறது அல்லவா? கணினியும் அப்படித் தன்னை அமைத்து, சீர்செய்து, மேம்படுத்தி, காத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அந்தக் கனவில் பாதி பலித்துவிட்டது. கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் மென்பொருளிடம், 'இந்தச் சேவையின் மூன்று பிரதிகள் எப்போதும் ஓட வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒன்று விழுந்தால் எண்ணிப் பார்த்து இன்னொன்றைத் தானே எழுப்பிவிடும். நள்ளிரவில் தொலைபேசி அலறி, தூக்கக் கலக்கத்தில் சர்வரை மறுபடி இயக்கியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

மீதிப் பாதிதான் சிக்கல். 2021 அக்டோபர் 4. ஃபேஸ்புக்கில் வழக்கமான பராமரிப்பு வேலை. அப்போது கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளையைத் தடுக்கவென்றே ஒரு சோதனைக் கருவி இருந்தது, அதிலேயே பிழை.

அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். இணையத்தில் முகவரி சொல்லும் ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு தற்காப்புப் பழக்கம் உண்டு. தரவு மையத்தைத் தொட முடியாவிட்டால், 'எனக்கு உடம்பு சரியில்லை, என்னிடம் வராதீர்கள்' என்று தாமே விலகிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஓர் இடம் படுத்துவிட்டால் வேறோர் இடம் தாங்கும். அன்று எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் அப்படி நினைத்தன, எல்லாமே விலகின. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின.

தன்னளவில் எந்தச் சர்வரும் தப்புச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. பக்கத்து வீட்டிலும் இதே நோயா என்று கேட்க மட்டும் ஒன்றுக்கும் யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

தொலைவிலிருந்து சரிசெய்யும் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. காவல் கெடுபிடிகளைத் தாண்டி உள்ளே நுழையவே நேரம் பிடித்தது. இணைப்பு திரும்பிய பிறகும் அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் மின்சாரம் தாங்காது, சேவைகள் மீண்டும் சரியும் என்ற பயம். முன்பே ஒத்திகை பார்த்த அனுபவத்தில், சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள்.